முன்னூற்றிரண்டாம் வீட்டுக் கீரை

எட்டு வருஷமாகத் தோங்பில்லுக்கு ஒரு வயிற்றெரிச்சல்.

அவன் குடியிருக்கும் படிக்கட்டில் மொத்தம் பத்து வீடு. அதில் எட்டு வீட்டுக் கதவுக் கைப்பிடியில் வாரம் ஒரு தரமாவது ஒரு கறுப்புப் பை தொங்கும். உள்ளே ஒரு கைப்பிடி லெட்டூஸ், கொஞ்சம் பெரில்லா இலை, நாலு பச்சை மிளகாய். மூன்றாம் தளத்து மால்சுன் அம்மாள் வீட்டுக்குள்ளேயே வளர்த்துப் பறித்தது. அந்த அம்மாளின் வீடு போக மிச்சம் இருக்கும் ஒரே வீடு தோங்பில்லின் ஐந்நூற்றிரண்டு. அதில் மட்டும் ஒருநாளும் பை தொங்கியதில்லை.

கீரை என்ன பெரிய கீரை, சந்தையில் குவித்து வைத்திருக்கிறான். ஆனால் வேலை முடிந்து ஐந்து தளம் ஏறும்போது ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டே ஏறவேண்டியிருக்கிறதே. கடைசியில் எதிர்வீட்டுக் கதவிலும் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுச் சாவியை எடுக்கவேண்டும்.

“நீ ஏதாவது வாயை விட்டிருப்ப” என்பாள் மனைவி இன்ஜா. “உன் மூஞ்சியும் முறைப்பும். செடியே உன்னைப் பார்த்தா வாடிடும்.”

“நான் ஒண்ணும் சொல்லலடி.”

“அப்ப அந்தம்மாவுக்கு உன் மூஞ்சியே போதும்போல.”

தோங்பில் அந்தக் குடியிருப்பு ஆபீஸில் பராமரிப்பு ஆள். ஆறாவதோடு படிப்பு நின்றது. அதன்பிறகு கற்றதெல்லாம் குழாய்தான். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். குளிர்காலத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பதும் அவன் தலையில்தான் விழும், மேனேஜருக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால்.

அந்த ஜனவரியில் வோன்ஜு நகரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பதுக்குப் போனது. காலையும் மாலையும் தோங்பில் மைக்கைப் பிடித்தான். “பால்கனி வடிகுழாய் உறைஞ்சிருக்கு. யாரும் வாஷிங் மெஷின் போடாதீங்க. போட்டா தண்ணி கீழே போகாது, கீழ்வீட்டுக்காரங்க பால்கனியில பொங்கி வரும். தயவுசெஞ்சு போடாதீங்க.” தயவுசெஞ்சு என்ற சொல்லை மட்டும் அவன் அதட்டுகிற குரலில் சொல்வான்.

நாலாம் நாள் காலை பொங்கியேவிட்டது. கீழ்த்தளத்து நூற்றிரண்டில் பியோ என்று ஒருவர், டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர். அவர் பால்கனி முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குப் பனிக்கட்டி. கிம்ச்சி வைக்கிற ஃப்ரிட்ஜ் அதில் கால் சிக்கி நிற்கிறது.

“பாருய்யா, நுரைநுரையா உறைஞ்சிருக்கு” என்று குதித்தார் பியோ. “ஏதோ உரத்தைக் கரைச்சு ஊத்தியிருக்கா அந்த மூணாம் மாடிக் கிழவி. நானூத்திரண்டுக்காரன் பூசான்ல மகன் வீட்ல கெடக்கான். இருநூத்திரண்டு போன மாசம்தான் காலியாச்சு. இந்தக் குழாய் வரிசையில தண்ணியோட வேலை பார்க்கறது அவ ஒருத்திதான். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவ பொண்ணுக்கும் போன் போட்டுட்டேன். மத்தியானம் வர்றா.”

தோங்பில் தலையாட்டிக்கொண்டான். உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். இல்லை என்று சொன்னால் பொய். மேனேஜரும் போனில் அதையேதான் சொன்னார்: “செடித் தண்ணின்னு எழுதிட்டு வா. செடி வெச்சிருக்கற பெட்டியெல்லாம் காலி பண்ணச் சொல்லிடலாம்.”

அவன் மூன்றாம் தளம் ஏறிக் கதவைத் தட்டினான். எட்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தரம். மால்சுன் அம்மாளுக்கு எழுபத்தாறு வயது. அவன் நெஞ்சுயரத்துக்கு இருந்தாள். கையில் கத்தரிக்கோல்.

“வாங்க ஆபீஸ்காரரே. செருப்பை அந்த ஓரமா கழட்டுங்க, நாத்து இருக்கு.”

ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அறையில் கால் வைக்க இடமில்லை. மீன் மார்க்கெட்டில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பேக்கரித் தட்டு. லெட்டூஸ், பெரில்லா, வெங்காயத்தாள், பூண்டுத்தாள். துணி காயப்போடும் கம்பியிலிருந்து ஒரு நீள விளக்கு தொங்கியது. நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்குக் கம்பளம் விரித்திருந்தது.

“பால்கனியில வெச்சிருந்தீங்களே?”

“டிசம்பர்லயே உள்ள தூக்கிட்டேன். அங்க வெச்சா ஒரே நாள்ல கருகிடும். நான் குறுக்கிப் படுத்துக்குவேன், அதுங்களால முடியாது.”

தோங்பில் பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்தான். தரை வறண்டு கிடந்தது. வடிகால் ஓட்டையின் மூடிமேல் தூசு. அதில் ஒரு சிலந்தி வலை, கலையாமல். ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருந்தாலும் அந்த வலை நின்றிருக்காது.

அவனுக்கு முகம் சுருங்கியது. “எவ்வளவு தண்ணி விடுவீங்க?”

“இந்தக் குளிர்லயா? ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளர். அரிசி கழுவின தண்ணி, அடியில சூடு ஓடற தரையில வெச்சு வெதுவெதுப்பானதும். தட்டுல நிக்கறதைக்கூட ஸ்பூன்ல எடுத்துத் திரும்ப ஊத்திடுவேன்.” விரல்களை நீட்டிக் காட்டினாள். முட்டிகள் இஞ்சிக் கணுவைப்போல் தடித்திருந்தன. “தண்ணியில எனக்கு ஆசை விட்டுப்போச்சு தம்பி.”

ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கறிக்கடை இருந்தது. அதன் பின்கட்டில் முப்பத்தொரு வருஷம் அவள் இலை கழுவியவள். சுட்ட கறியை மடித்துத் தின்ன மேசைக்கு ஒரு கூடை இலை போகும். ஒவ்வொரு இலைக்கும் இரண்டு பக்கம், மூன்று தண்ணீர். குளிர்காலத்தில் தொட்டியின் மேல்பனியை உடைத்துவிட்டுக் கையை விடவேண்டும். புருஷன் பாதியில் போய்விட்டான். அந்தக் கையை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள். கடையில் அவளுக்கு மிஞ்சியது கிழிந்த இலை. அதைக் கஞ்சியில் போட்டுக் குடிப்பாள்.

“முழு இலையில ஒரு வாய் கறி மடிச்சுத் தின்னது அறுபத்தெட்டு வயசுல, இந்த ரூம்ல, நானே வெதச்ச இலையில. இங்க எப்போ பறிக்கணும்னு எவனும் கத்த மாட்டான். நான்தான் சொல்வேன்.”

தோங்பில் குனிந்து நின்றான். கேட்கக்கூடாது என்று நினைத்ததை வாய் கேட்டுவிட்டது.

“எல்லா வீட்டுக்கும் தர்றீங்க. என் வீட்டுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

மால்சுன் அம்மாள் அவனை விநோதமாகப் பார்த்தாள். “நீங்க ஆபீஸ்காரர். இவ்வளவு பெட்டி வெச்சிருக்கேனே, நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்க கதவுல நான் பையைத் தொங்கவிட்டா, கீரையைக் கொடுத்து வாயை அடைச்சிட்டான்னு நாளைக்கு உங்களைத்தானே பேசுவாங்க? அந்த பியோவே முதல் ஆளா பேசுவான்.”

எட்டு வருஷ எரிச்சல். அது அப்படிச் சப்பென்று போகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “விளக்கு ஒயரை இன்னும் மேல தூக்கிக் கட்டுங்க, ஈரம் படும்” என்று உறுமிவிட்டு வெளியே வந்தான். அவள் வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“பொண்ணு வர்றா. போன மாசமே ஒரு முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வெச்சிருக்கா. எனக்கு மறதி வந்துடுச்சாம், செடிக்கு நடுவுல படுக்கறேனாம். இப்ப தண்ணியும் நான்தான்னு ஆயிட்டா அவளுக்குப் பேச வேற ஒண்ணும் வேணாம். அங்க ஒரு தொட்டிகூட வெக்க விடமாட்டாங்க. கேட்டுட்டேன்.”

செடித் தண்ணீர் இல்லை. சரி, அப்புறம் யார்? தோங்பில் யோசித்தபடியே கீழே இறங்கி, நீராவி மெஷினை இழுத்துவந்து, பியோவின் பால்கனியில் குழாய் மூடியைத் திறந்தான். நீராவிக் குழலை உள்ளே விட்டதும் முதலில் கரகரவென்று சத்தம். பிறகு பனிக்கட்டி உருளை உருளையாக வந்து விழுந்தது. வெளிர் நீலம். உருகிய தண்ணீரில் சோப்பு நுரை. குப்பென்று பீச் பழ வாசனை. துணி மிருதுவாக இருப்பதற்கு ஊற்றுவார்களே, அது.

நீராவி முகத்தில் அடித்தது. தோங்பில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். சட்டைக் கையிலும் பீச் பழம்.

இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தான்; அவன் வீட்டுத் துணியின் வாசனை.

“என்னய்யா, கண்டுபுடிச்சியா?” என்றார் பியோ உள்ளேயிருந்து.

“இருங்க.”

ஐந்து தளம் ஏறினான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. இன்ஜா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து மெஷின் போட்டியா?”

“போட்டேன். நீதானே போடச் சொன்ன?”

“நானா?”

“பின்ன யாரு? யூனிஃபார்ம்ல கிரீஸ் நாத்தம்னு கழட்டி எறிஞ்ச. மைக்ல போடாதேன்னு கத்தறியேன்னு கேட்டேன். அது விவரம் தெரியாதவங்களுக்குச் சொல்றது, சுடுதண்ணியில ஓட்டினா குழாய்ல நிக்காம இறங்கிடும், இருபது வருஷமா குழாய் பார்க்கறவனுக்குச் சொல்லித் தர்றியான்னு என்னைத்தான் திட்டின.”

சொன்னான். சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்குள் சுடுதண்ணீர்தான். வெளிச்சுவரை ஒட்டி ஐந்து தளம் இறங்கும்போது அது என்ன தண்ணீராகும் என்பதை யோசிக்காத ஒரே குழாய்க்காரன் அவன்தான்.

“ஏன், என்ன ஆச்சு?” என்றாள் இன்ஜா, கத்தி நின்ற கையோடு.

“ஒண்ணும் ஆகல. மெஷின் பக்கம் போகாத.”

படி இறங்கும்போது நான்காம் தளத்தில் நின்றான். எதுவும் சொல்லாமல் விட்டாலும் நடக்கும். மேனேஜரே எழுதிக் கொடுக்கத் தயார். உருகிய நுரை இந்நேரம் சாக்கடைக்குப் போயிருக்கும். எழுபத்தாறு வயசுக் கிழவியா, மைக் பிடித்த ஆளா என்றால் ஊர் யாரை நம்பும் என்பதும் தெரியும். நான்காம் தளத்தில் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை, கீழேயிருந்து குரல்கள் கேட்டன.

முன்னூற்றிரண்டின் கதவு திறந்தே கிடந்தது. மகள் மியோங்ஹி வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு சூட்கேஸைத் திறந்துபோட்டு அம்மாவின் உள்ளாடை, கம்பளிச் சட்டை என்று மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பியோ. மால்சுன் அம்மாள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து லெட்டூஸின் அடியிலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள், யாரையும் பார்க்காமல்.

“நீங்களே சொல்லுங்கண்ணே” என்றாள் மியோங்ஹி தோங்பில்லிடம். கண் சிவந்திருந்தது. “மனுஷி படுக்கற இடமா இது? தண்ணியை ஊத்திட்டு மறந்துடறாங்க. நாளைக்கு அடுப்பை மறந்தா?”

“சூட்கேஸை மூடாதீங்க” என்றான் தோங்பில். “தண்ணி இங்கேர்ந்து போகல. வடிகால்ல சிலந்தி வலை அப்படியே இருக்கு, போய்ப் பாருங்க.”

“அப்ப எங்கேர்ந்துய்யா?” என்றார் பியோ.

“மெஷின் தண்ணி. என் வீட்லேர்ந்து.”

பியோ வாசலைவிட்டு உள்ளே வந்தார். “என்னய்யா சொல்ற? காலையும் மாலையும் நீதானே கத்தற, போடாதே போடாதேன்னு!”

“நான்தான் கத்தினேன். நான்தான் போடவும் சொன்னேன். சுடுதண்ணின்னா போயிடும்னு நெனச்சேன்.”

“அட குழாய்ப் பண்டிதா! என் ஃப்ரிட்ஜ் காலைப் பனி புடிச்சு வெச்சிருக்குய்யா!”

“நானே வந்து உடைச்சு எடுக்கறேன். மேனேஜர்கிட்டயும் சொல்லிடறேன்.”

முதலில் சிரித்தது மால்சுன் அம்மாள்தான். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் ஆரம்பித்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பியோ முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டு, “சுத்தியலோட வா” என்று சொல்லி இறங்கிப்போனார்.

மியோங்ஹி பால்கனிக்குப் போய் வடிகாலைக் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப உனக்கு மறதி இல்லையாம்மா?”

“எத்தனை பெட்டின்னு கேளு. பதினேழு. எதுல எப்போ வெதச்சேன்னு கேளு.”

“பயந்துட்டேம்மா. வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டே ஓட்டினேன்.”

“அழுதுக்கிட்டு ஓட்டினா ரோடு தெரியுமாடி? இதுல எனக்கு மறதின்றா. எழுந்து சோறு வை. இலை பறிச்சிருக்கேன், கறி இல்லாட்டியும் சோயா விழுது இருக்கு.”

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோட்டைக் கழற்றினாள். சமையல் மூலையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் எழுந்தது. மால்சுன் அம்மாள் சூட்கேஸிலிருந்து தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மகள் மடித்திருந்த மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தாள். தோங்பில் கதவருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப்போனதுபோல் இருந்தது. மேனேஜரிடம் வாங்கப்போகிற வசவுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

“தோங்பில்” என்று கூப்பிட்டாள் மால்சுன் அம்மாள். இந்தத் தரம் ‘ஆபீஸ்காரரே’ என்று இல்லை.

காலிச் சூட்கேஸை மூடி, அவன் பக்கமாகக் காலால் தள்ளினாள்.

“இதை அந்த அலமாரி மேல தூக்கி வெச்சிட்டுப் போப்பா. அப்படி இல்ல, இன்னும் உள்ள தள்ளு. சுவத்துல முட்டணும். அவ நாற்காலி போட்டு ஏறினாலும் கைக்கு எட்டக்கூடாது.”