கை மேல் உட்காரும் சாராள்

"மாட்டேன் போ! குந்த மாட்டேன்!" என்று தரையில் உருண்டு காலை உதைத்தாள் சாராள். வயது முப்பத்திரண்டு. நடக்க, உட்காரச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் போன் வழியாகவே பயிற்சி கொடுப்பது எப்படி என்று பிசியோதெரபிஸ்டுகளுக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. புதுவாயலில், பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. வகுப்பு என்று பெயர்தான், நடப்பதெல்லாம் கூத்து!

இன்றைய கூத்தில் பிள்ளையும் அவளே, தாயும் அவளே. பக்கத்து அறையிலிருந்து வீடியோ காலில், வகுப்புக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் மோகன்ராஜ் அவளை உட்கார வைக்க வேண்டும். அவளைவிட இருபது வயது மூத்தவர். அவர் கை பட்டால் அழுகிற பிள்ளையும் சிரிக்கும், அப்படி ஒரு ராசி.

"பெல்விஸை ஸ்டெபிலைஸ் பண்ணுங்கம்மா." இடுப்பை அசையாமல் பிடிக்கத்தான் அப்படிச் சொன்னார் மோகன்ராஜ்.

"அது எங்க ஊட்ல இல்லியே சார்! கடையில கெடைக்குமா?" என்று தாய்க்குரலில் கேட்டுவிட்டு, பிள்ளையாகி மல்லாக்கச் சாய்ந்தாள் சாராள். மோகன்ராஜ் பதறிப்போய்த் திரையில் தெரிந்த முதுகைத் தாங்கக் கையை நீட்டினார். விரல் சிவப்புப் பொத்தானில் பட்டு லைன் போயே போச்சு!

சாராள் விக்கல் வரும்வரை சிரித்தாள். "கொழந்தைய புடிக்கப் போயி லைனையே அறுத்துட்டீங்களே சார்! கை போன்ல போவாது. வாய்தான் போவும்."

கை இப்படி நீளாமல் இருக்க அவளிடம் ஒரு வைத்தியம் உண்டு. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின்மேல் உட்கார்ந்துவிட வேண்டும். அவளும் அப்படித்தான் உட்காருவாள்.

சாயங்காலம் நிஜமான அழைப்பு. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் நர்மதாவுக்கு, இன்னும் நிற்கப் பழகாத மகள் பூமிகாவைத் தூக்கிக்கொண்டு வர லீவு கிடைப்பதில்லை. "இன்னிக்கு ஒரு தபா போன்ல பாக்குறேன் மேடம். சரிப்படலன்னா உட்டுடலாம்" என்று சொல்லியிருந்தாள். விட்டால் பிள்ளையின் கால் இன்னும் இறுகிப்போகும்.

மோகன்ராஜ் கைமேல் உட்கார்ந்தார். சாராளும் பக்கத்தில் தன் கைமேல் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்கு இன்னா புடிக்கும்மா?" என்று கேட்டார் மோகன்ராஜ்.

"நான் கழுத்துல மாட்டுற கம்பெனி டேக்கு சார். அத்த இழுத்துக்கினே இருப்பா."

"அத்த கட்டில் மேல வைங்க. பாப்பா பின்னால குந்தி, இடுப்ப ரெண்டு பக்கமும் புடிங்க."

பூமிகா கட்டிலைப் பிடித்தாள். முட்டி போட்டாள். முனகினாள். ஒரு கால் ஊன்றியது. அடேயப்பா, இன்னொன்றும் ஊன்றியது!

"மெதுவா கைய எடுங்கம்மா."

"எடுக்கட்டுமா சார்? உய்ந்துட்டான்னா?"

"பக்கத்துலயே வெச்சிக்கினு எடுங்க."

நர்மதா எடுத்தாள். கட்டிலைப் பற்றியபடி பூமிகா ஆடினாள், ஆடி நின்றாள், டேக்கைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"நிக்கிறா சார்! நாளைக்கும் இதே டைமுக்குப் போடுங்க!" நர்மதா சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. திரை அணைந்தது.

"பாத்தீங்களா மேடம், நான் கைய எடுக்கவே இல்ல" என்று பெருமையாகத் திரும்பினார் மோகன்ராஜ். இருண்டுபோன திரைக்குக் கீழே, விழுகிற பிள்ளையை ஏந்துவதற்கு, சாராளின் இரண்டு கைகளும் இன்னும் விரிந்தே இருந்தன.