துரைக்கு ஒரு தோல் தவளை

ஆட்டுத்தோல் துண்டுக்குள் இலவம்பஞ்சைத் திணித்து, ஒரு கை ஓரத்தை அழுத்திப் பிடிக்க, மறு கை மெழுகு நூலை இழுத்து முடிந்தது. கறுப்பு மணிகள் இரண்டு கண்களாயின. தவளை தயார். உடனே அதே கைகள் கத்தரியை எடுத்துத் தையல் முழுவதையும் பிரித்துப் போட்டன.

வாசலில் நின்ற ஷபீ அஹமது தலையில் கை வைத்துக்கொண்டார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் குமாஸ்தா அவர். முதலாளிக்குப் பதிலாகப் பயப்படுவதுதான் முழுநேர வேலை.

"இன்னா சௌந்தரம்மா, மறுபடியுமா?"

"பின்னங்கால் ஒண்ணு குட்டையா இருக்குது பாய்."

"இருந்தா இன்னா? தவளைக்கு நிக்காஹா பண்ணப் போறோம்?"

சௌந்தரம் கழிவுத் தோலில் பை தைப்பவள். தோல் வாங்க வந்த துரைக்கு ஊர் ஏரியில் விரால் பிடிக்க ஆசை. விராலுக்குத் தவளை என்றால் உயிர். கப்பல் கப்பலாக ஆட்டுத்தோல் ஏற்றுகிற துரைக்கோ, ஒரு தவளையைத் தூண்டில் முள்ளில் குத்தப் பாவமாக இருந்தது. ஆகவே தோல் தவளை.

ஏரியில் அப்போது ஒரு விரால் ஜோடி குஞ்சு காத்துக்கொண்டிருந்தது. சிவந்த குஞ்சுகள் கும்பலாக மேலே வந்து மூச்சு வாங்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். பசியை விடக் கோபம் அதிகமான காலம். கிட்டே எது வந்தாலும் கடிக்கும். அவை இரண்டும் போனால் குஞ்சுகள் கொக்குக்கும் கெளுத்திக்கும் விருந்து. அடுத்த கோடையில் ஏரி வற்றும்போது சௌந்தரத்தின் அடுப்பு எரிவது அந்தக் குஞ்சுகளை நம்பித்தான்.

முதல் நாளே சொல்லிப் பார்த்தாள். "குஞ்சோட இருக்குது பாய். ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்க."

"அதுக்குத்தானே அவசரம்! இப்பதான் கட்டாயம் கடிக்குமாம். துரை புஸ்தகத்துல படிச்சிருக்காரு."

படித்தவரை மறுத்துப் பேசுவது மரியாதையா? சௌந்தரம் ஊசியை எடுத்தாள். முதல் வாரம் தோல் பதம் வரவில்லை. இரண்டாம் வாரம் கண் கோணல். மூன்றாம் வாரம்தான் இந்தப் பின்னங்கால். இப்படி நுணுக்கம் பார்க்கிறவளை இந்தச் சீமையிலேயே கண்டதில்லை என்று மெச்சி, ஏலகிரி பங்களாவில் துரை காத்திருந்தார்.

தினமும் விடிந்ததும் அவள் ஏரிக்கரைக்குப் போய் வந்தாள். ஐந்தாம் வாரம் குஞ்சுகள் சிவப்பு மாறிக் கறுத்து, தனித்தனியாகப் பாசிக்குள் பிரிந்திருந்தன. ஜோடியும் ஆழத்துக்குப் போய்விட்டது. என்ன அதிசயமோ, அன்றைக்கே தவளையின் பின்னங்காலும் சரியாகிவிட்டது.

"இப்ப கடிக்குமா?" என்று சந்தேகமாகக் கேட்டார் ஷபீ அஹமது.

"பசிச்சா கடிக்கும் பாய். சும்மா பொழுதுபோக்குக்குக் கடிக்க அது துரையா?"

வயிற்றடியில் முள் கட்டி, புங்க எண்ணெய் தடவி, வாழையிலையில் சுற்றிய தவளையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.