முற்றத்தில் போட்ட கதிரைகள்

பிரான்சிலிருந்து திரும்பி உருத்திரபுரத்தில் தனியாக இருக்கிறேன், மொழிபெயர்ப்புத்தான் வேலை. அன்று ஒரு ஹோட்டலின் கூட்ட மண்டபத்தில் ஆட்கள் உட்காரக் கதிரைகளைப் போடும் முறைகளை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தது. ஒன்றின் பிரெஞ்சுப் பெயர் தானியக்கதிர். படம்கூட அனுப்பாத புண்ணியவான்கள்! ஆங்கிலேயர் மீன்முள் என்பது இதைத்தானா என்று பார்க்க, அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகளை முற்றத்தில் நடுவழி விட்டு இருபுறமும் சாய்வாகப் போட்டேன். அதேதான்.

நிமிர்ந்தால், வாசல் படலையில் பக்கத்து வீட்டு அக்கா, மூச்சிரைக்க.

“கதிரையளைக் கண்டிட்டு செத்தவீடாக்கும் எண்டு ஓடி வாறன். ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா, வேலை விசயம். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனார். மாதக்கணக்கில் என் படலையைத் திறந்த முதல் ஆள்.

மொழிபெயர்ப்பை அன்றே அனுப்பிவிட்டேன். கதிரைகளை உள்ளே எடுக்கவில்லை.