குடி கேட்டு மருந்து கட்டிய காலம்

நோர்வேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், இங்கிரிட் என்ற மூதாட்டியை முதன்முதலாகக் குளிப்பாட்டப் போனபோது மறைப்புத் திரையைத் தேடினேன். அப்படியொன்று அங்கே இல்லை. இங்கிரிட் தாமே சட்டையைக் கழற்றிவிட்டு, இன்றைக்கும் பனி கொட்டும் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் உடம்பு சரியில்லையென்று நினைத்து, கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஆண் தாதி என்பது இங்கே ஒரு சங்கதியே அல்ல.

போர்க்காலத்து மட்டக்களப்பில் அது பெரிய சங்கதி. பெண் தாதியரில் பலர் இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார்கள். வாவிக்கு மேற்கேயிருந்து வருபவர்களால், இராணுவம் பாதையைப் பூட்டினால் வர முடியாது. நாவற்குடாவிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய்விடக்கூடிய நான், பெண்கள் வாட்டுக்கும் தனியாளானேன். உன்னிச்சையிலிருந்து கொண்டுவந்திருந்த ஜெயந்திக்குத் தொடையில் ஷெல் காயம். சீழ் பிடித்திருந்தது, அன்றே துப்புரவாக்கிக் கட்டாவிட்டால் கால் போய்விடும். அவளோ போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆம்பிள கட்டுறதெண்டா எனக்கு மருந்தே வேணாம்."

எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. அவளுடைய தாய் மகளை ஏசவில்லை. என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி என்ன குடி?"

கலியாணம் பேசும்போது கேட்கிற கேள்வி அது. குடி எங்களுக்குத் தாய்வழியாக வருவது; ஒரே குடியென்றால் சகோதர முறை, கலியாணம் கிடையாது. என் குடியைச் சொன்னேன்.

"நம்மட குடிதான் கா. உனக்கு அண்ணன். போர்வைய விடு."

ஜெயந்தி கொஞ்சம் யோசித்தாள். "அண்ணனெண்டா மெதுவாக் கட்டுங்க" என்று கையைத் தளர்த்தினாள்.

கால் பிழைத்தது. அதன்பின் அந்த வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் குடி விசாரணைதான். யாருக்காவது மச்சான் முறை வந்துவிட்டால் நான் திரைக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுப்பேன். ஜெயந்தி நொண்டி நொண்டிப் போய்க் கட்டுவாள். சம்பளமில்லாத தாதி. அந்தக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் இருந்தேன். கூடப்பிறந்தவர் யாருமில்லாத என் கலியாணத்தில், மாப்பிள்ளையின் சகோதரி நிற்கவேண்டிய இடத்தில் தோழியாக நின்றவளும் அவள்தான்.

இப்போதும் தொலைபேசியில் பேசுவோம். போன ஞாயிறு இங்கிரிட்டைப் பற்றிச் சொன்னேன், நான்தான் தினமும் குளிப்பாட்டுகிறேன் என்பதையும்.

"அந்த மனிசி உங்களுக்கு என்ன முறை, அண்ணன்?"

"பெரியம்மா" என்றேன்.

"அப்ப சரி. நல்லாப் பாருங்க."

மறுநாள் காலையில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். தான் எங்கள் குடியில் சேர்ந்துவிட்டது தெரியாமல், காப்பி ஆறிப்போய்விட்டதென்று இங்கிரிட் குறைப்பட்டுக்கொண்டார்.