நாதியா அக்காவின் காது

நாதியா அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் சிவகாசியிலுள்ள அத்தனை கம்ப்யூட்டரும் எழுந்து சலாம் போடும். எங்கள் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் வரைகிறவர்.

"ஏலே, அணுகுண்டு லேபிளுக்கு உன் மூஞ்சியே போதும்" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேலி செய்தார். பழி தீர்க்காமல் விடுவேனா? அவர் சாப்பிடப் போனதும் கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, உள்ளேயிருந்த இரண்டு மெமரிப் பட்டைகளில் ஒன்றை உருவிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெட்டியைப் பழையபடி மூடினேன்.

தீபாவளி லேபிள் சாயந்திரமே அச்சுக்குப் போக வேண்டும். அக்கா ஒரு கோட்டை நகர்த்தினால் ஒரு நிமிஷம் ஆனது. நன்றாக வேண்டும்! ஆனால் அவர் கண் கலங்கியதும் எனக்கு என்னவோபோல் ஆனது.

"வைரஸா இருக்கும்க்கா."

அக்கா கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தார். "இல்லலே. மெமரி பத்தாம புரோகிராம் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு உருட்டுது, அதான் கடகடங்குது. உன் பையில நீட்டிக்கிட்டு நிக்கிறதை எடு."