பீப்பாய் அடித்த ஞாயிறுகள்

எனக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். இருவரும் ரொக் இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர்கள். முகம் எனக்குத் தெரியாது. கண்டியில் என்னோடு படித்த, மடவளை ஊர்த் தோழியின் அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டில் அவர்களின் கைகளை மட்டும் கேட்டேன்.

முதலாமவர் தோலைக் கிழித்துவிடுகிற ஆத்திரத்தோடு அடிப்பார். ஆனால் ஓர் அடிகூடத் தாளம் தப்பாது. அந்தப் பலம் தோளிலிருந்து வரவில்லை, மணிக்கட்டிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டுக் கேட்டு நானே கண்டுபிடித்தேன். இரண்டாமவர் இன்னும் பொல்லாதவர். காது வலிக்க அடித்துக்கொண்டே போய், பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவார். நான்கு எண்ணும் நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு வருகிற அடி நேராக நெஞ்சில் விழும்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஓர் அறையில் டிரம்ஸுக்கு எங்கே போவது? ஒரு வெற்று உரப் பீப்பாய், இரண்டு எண்ணெய் டின், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தகரத் தடுப்பு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அம்மா விறகுக்குச் சுமந்துவந்த தேயிலை மிலாறுக் கிளைகளில் தடித்த இரண்டைச் சீவிக் குச்சியாக்கினேன். காதில் வாக்மன். ஞாயிறு மத்தியானம் தொடங்கினால் மூன்று மணி நேரம் அடிப்பேன்.

யாரும் தடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சோதனைக்கு உள்ள பாடம் என்று சொல்லியிருந்தேன். சத்தம் தாங்காமல் வந்த ஒரு பெரியவரை, "எம்புள்ள படிக்குது, போங்க மாமா" என்று அப்பா திருப்பி அனுப்பினார். பொய்தான். வெட்கமாக இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவை அவள் புருஷன் அடிப்பான். முன்பெல்லாம் அவன் கை ஓங்கினாலே பெண்கள் விளக்குமாறோடு போய் வாசலில் நிற்பார்கள். சில மாதமாகச் சத்தமே இல்லை. "திருந்திட்டான்" என்றார் அம்மா.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்கா என்னிடம் கேட்பாள்: "தங்கச்சி, இந்த ஞாயிறும் பாடம் இருக்கா?"

"இருக்குக்கா. கேக்க நல்லா இருக்கா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். என் வாசிப்பில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு வாக்மனில் பட்டரி தீர்ந்துபோனது. இரண்டாமவரின் பாட்டு எனக்கு மனப்பாடம். காதில் ஒன்றும் இல்லாமலே அடித்தேன். அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன்.

தகரத்துக்கு அப்பால் ஓர் அடி விழுந்தது. ஈர மண்ணில் மண்வெட்டி இறங்குகிற சத்தம். துணி அடைத்த வாயிலிருந்து ஒரு முனகல். என் சத்தம் நின்றது தெரிந்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

நான் மறுபடி அடிக்கத் தொடங்கினேன். எட்டு எண்ணி, பாட்டுக்குள் நிறுத்தம் இல்லாத இடத்தில் குச்சிகளை அந்தரத்தில் பிடித்தேன். அப்பால் மூன்று அடிகள். தகரம் அதிர்ந்தது. அந்த மூன்றையும் அக்காவுக்கு நான்தான் வாங்கிக்கொடுத்தேன்.

"என்னடி படிச்சவளே!" அவன் கத்தினான். "ஏன் நிப்பாட்டுன? அடி!"

அடித்தேன். அவன் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு போய், விறகுக்கட்டையைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் அடித்தேன், தோளை அசைக்காமல். கட்டை விழுந்தது. குனிந்தவனின் காதில், முதுகில், மறுபடி மணிக்கட்டில். ஒரு குச்சி முறிந்தது. மற்றதால் அடித்தேன். லயத்துப் பெண்கள் ஓடிவந்து இழுக்கும்வரை தாளம் தப்பவில்லை.

"சோதனையில இதுக்கும் மார்க் இருக்கா புள்ள?" என்றாள் ஒருத்தி, என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கிக்கொண்டே.

மறுநாள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து தன் அண்ணன் வந்து கூட்டிப்போகும்வரை அக்கா எங்கள் அறையில் இருந்தாள். காலையில் அப்பா புதுப் பட்டரி வாங்கிவந்தார்.

"எதக் கேட்டுக்கிட்டு அப்படி அடிக்கிற? குடு பாப்போம்" என்றாள் அக்கா.

அவள் காதில் மாட்டிவிட்டேன். முதலாமவர் தொடங்கினார். "யாரு மேல இவனுக்கு இவ்வளவு கோவம்?" என்றாள்.

"பீப்பா மேலதான்க்கா."

கிழிந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து இரண்டாமவர். அவர் எங்கே நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த நான்கு எண்ணிக்கையில், அக்கா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.