சாஃப்ட்னர் விற்க வந்தவர்

முதலிபாளையத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அதனால் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி மாட்ட ஓர் ஆளை வரச்சொன்னேன். வந்தவர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இந்த உப்புத் தண்ணியையேதான் குடிக்கறீங்களா?"

"ஆமாங்க. மாமனாருக்கு பி.பி. வேற இருக்குதுங்க. சாஃப்ட்னர் போட்டா உப்பு போயிருமுங்களா?"

"இல்லீங்க. சுண்ணாம்புதான் போகும். உப்பு கொஞ்சம் அதிகமாத்தான் ஆகும். மொதல்ல குடிக்கறதுக்கு ஆர்.ஓ. மாட்டுங்க, அதுதான் உப்பை வடிகட்டும்."

"ஆர்.ஓ. விக்கறதுக்குத்தான் இப்படிச் சொல்றீங்களா?" என்று வெடுக்கெனக் கேட்டுவிட்டேன்.

"நாங்க அது விக்கறதில்லீங்க" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். கூசிப்போனேன்.

ஆர்.ஓ. மாட்டிய அன்று அவரை போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க, பெரியவர் நல்லாக் குடிக்கட்டும்" என்றார்.

யாரையும் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.